டம்ளரைப் பிள்ளை கையில் கொடுங்கள்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்பளத்தைத் தானே நொறுக்கிச் சாதத்தோடு பிசைந்து சாப்பிட்டது. தண்ணீர் டம்ளரை நோக்கி அது கையை நீட்டியதும் அம்மா சட்டென்று அதைத் தள்ளி வைத்தார். பையிலிருந்து நிப்பிள் போட்ட புட்டியை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். "புதுப் பட்டுப்பாவாடை, கொட்டிடுவா" என்றார் என்னைப் பார்த்து. பந்தியில் வைத்து ஒரு தாய்க்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று சொல்லாததை இப்போது நம் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. புகட்டுகிறோம். இரண்டும் வேறு வேறு. புகட்டும்போது வேலை நம்முடையது. எவ்வளவு, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் நம் முடிவு. குடிப்பது பிள்ளையின் வேலை. நடக்கப் பழக நடைவண்டி வாங்குகிறோம், எழுதப் பழக அரிசியில் விரல் பிடித்து 'அ' போட வைக்கிறோம். குடிப்பது மட்டும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். டம்ளரையே கண்ணில் காட்டாத பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

புட்டியைச் சப்புகிற பிள்ளையின் நாக்கு முன்னும் பின்னும் போய்வந்து பாலை இழுக்கிறது. டம்ளரில் குடிக்க வேண்டுமென்றால் கீழுதடு விளிம்பில் படிய வேண்டும், தாடை ஆடாமல் நிற்க வேண்டும், வாயில் வந்ததைச் சற்றே நிறுத்திப் பிறகு விழுங்க வேண்டும். இது புது வித்தை. பழகினால்தான் வரும். பழகுவதற்கான வயது ஆறு மாதம். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். கஞ்சியோ மசித்த இட்லியோ ஊட்டத் தொடங்கும் நாளில் டம்ளரும் பக்கத்தில் வர வேண்டும். ஒரு வயதில் புட்டியைக் குறைத்து, ஒன்றரை வயதுக்குள் அதை முழுதாக நிறுத்திவிட வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்கள் சொல்வது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இரண்டு வயதுக்கு மேலும் தொடரலாம். நான் பேசுவது புட்டியைப் பற்றி.

என் மூத்த மகளுக்கு இரண்டரை வயது வரை இரவில் பால்புட்டி கொடுத்தேன். வாயில் புட்டியோடு தூங்கிப்போவாள், எனக்கும் வேலை முடிந்தது. ஒருநாள் அவள் சிரித்தபோது மேல்வரிசை முன்பற்களின் ஓரம் பழுப்பாக இருந்தது. பல் மருத்துவர் பார்த்த உடனே, "ராத்திரி புட்டியா?" என்றுதான் கேட்டார். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும். வாயில் தங்கிய பாலின் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொண்டிருப்பதால் மேல் முன்பற்கள்தான் முதலில் போகும் என்று விளக்கினார். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று வீட்டில் சொன்னார்கள். பால்பற்கள் இருபது. அவற்றில் கடைவாய்ப் பற்கள் சில, பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்து வேலை செய்ய வேண்டியவை. வலியில் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுத இரவுகள் எனக்கு மறக்காது. அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு உங்களைக் கடிந்துகொள்கிறேன்.

பல் மட்டுமா? படுத்துக்கொண்டே புட்டியில் குடிக்கிற பிள்ளைக்குக் காதுவலி வரும் வாய்ப்பு அதிகம். கையிலேயே புட்டி இருக்கிற பிள்ளை நாள் முழுக்கப் பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பிறகு சோறு எப்படி இறங்கும்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு அரை லிட்டர் பால் போதும். மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலையே குடித்துச் சோற்றை ஒதுக்குகிற பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ரத்தம் மட்டும் சோகையாக இருக்கும். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள், ஒரு நாளில் எத்தனை புட்டி கொடுக்கிறோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

1992இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதையே இந்தியாவில் தடை செய்திருக்கிறது. நமக்கோ விளம்பரமே தேவைப்படவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே புட்டி வாங்கி வைக்கிறோம், பார்க்கப் போகிறவர்களும் அதையே பரிசாகக் கொண்டுபோகிறோம். நிப்பிளின் இடுக்கில் தங்கும் பால் வயிற்றுப்போக்குக்கு வழி என்பது தெரியாதவர் யார்? எவர்சில்வர் டம்ளரைச் சோப்புப் போட்டு விளக்கினால் சுத்தமாகிவிடும்.

புட்டியை விட்டவர்கள் சிப்பருக்குப் போகிறார்கள். சிந்தாமல் இருக்க உள்ளே அடைப்பு வைத்த சிப்பரில் பிள்ளை உறிஞ்சினால்தான் தண்ணீர் வரும். பழைய சப்பல் அப்படியே தொடர்கிறது. பயணத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வேண்டாம்.

பாட்டிமார்களிடமும் ஒரு வார்த்தை. பாலாடையும் சங்கும் நல்ல பொருள்கள்தான். உறிஞ்சத் தெம்பில்லாத பச்சிளம் குழந்தைக்குக்கூட ஆஸ்பத்திரிகளில் பாலாடையில்தான் பால் கொடுக்கிறார்கள். ஆனால் பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் அம்மா. ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன ஆகும்? அதேபோல, எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஒரு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்காதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் அதற்குப் புரையேறும். இப்போதைக்கு வாய் வைத்தே குடிக்கட்டும். அண்ணாந்து குடிப்பதைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் கற்றுக்கொள்ளும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. பிள்ளையின் கைக்கு அடங்குகிற சின்ன டம்ளர், விளிம்பு கூர்மையாக இல்லாமல் பார்த்து எடுங்கள். இரண்டு வாய்த் தண்ணீர் போதும்; நிறைய ஊற்றினால் மொத்தமாக முகத்தில் கொட்டும், பிள்ளை பயந்துவிடும். நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, அதன் இரண்டு கையையும் டம்ளரில் சேர்த்து, மேலே உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைக் கீழுதட்டில் தொடவிட்டு, தண்ணீர் உதட்டை எட்டும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். ஊற்றாதீர்கள். மீன்குஞ்சு போல உதட்டைக் குவித்து அதுவாக இழுக்கும். முதல் வாரம் பாதிக்கு மேல் கழுத்தில் வழியும். டம்ளரைக் கடிக்கும், தட்டிவிடும், கவிழ்த்துப் பார்க்கும். அதட்டாதீர்கள், கற்றுக்கொள்வது அப்போதுதான் நடக்கிறது. சில நாளில் உங்கள் கையை அது தள்ளிவிடும். தள்ளினால் எடுத்துவிடுங்கள். எப்போதாவது ஒரு இருமல் வந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு முறையும் புரையேறினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் உதடு, அண்ணத்தில் பிளவு உள்ள பிள்ளைக்கும் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடினமானது இரவுப் புட்டிதான். அதைக் கடைசியில் நிறுத்துங்கள். பகலில் ஒவ்வொரு வேளையாக டம்ளருக்கு மாற்றிய பிறகு, இரவுப் பாலை இரவுச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்து, பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். மூன்று நான்கு நாள் அழும். தோளில் போட்டுத் தட்டுங்கள், பாடுங்கள், அப்பாவும் ஒரு பங்கு தூக்கட்டும். "ஐயோ பாவம்" என்று நான்காம் நாள் புட்டியை எடுத்து நீட்டினால், அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

என் இரண்டாமவன் ஆறு மாதத்தில் டம்ளரைத் தொட்டான். பதினான்காம் மாதத்தில் அடுக்களைக்கு வந்து தன் டம்ளரை நீட்டித் தண்ணீர் கேட்டான். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டுத் தரை ஈரமாகத்தான் இருந்தது. தரையைத் துடைக்கத் துணி இருக்கிறது. நாளைக் காலை இட்லி ஊட்ட உட்காரும்போது, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு வாய்த் தண்ணீரோடு அந்தச் சின்ன டம்ளரையும் பக்கத்தில் வையுங்கள்.