லாவோஸிடம் தோற்ற இரவு புள்ளி போட்டவர்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபமில்லை. ஓ/எல் பரீட்சை நேற்றோடு முடிந்தது. பத்து நாளாக மண்டபத்துக்குள் வாய் திறக்காமல் நடந்த ஆள் நான். சேர்த்து வைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

20 ஆம் திகதி லாவோஸில் நடந்த சிநேகபூர்வப் போட்டியில் இலங்கை அணி 2-1 என்று தோற்றது. அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து போனைத் திறந்தால், நம் ஊர்க் குழுமத்தில் ஒரு தம்பி பதினொரு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு வைத்திருக்கிறார். ஒருவருக்கு 2. இன்னொருவருக்கு 3. கோல் காப்பாளருக்குப் பூச்சியம். அதற்குக் கீழே, "வெளிநாட்டுப் பொடியளைக் கூட்டி வந்து என்னத்தைக் கண்டோம்" என்று ஒருவர். அதற்கும் கீழே பெயர்ப்பட்டியலைப் பிரித்து மேய்ந்த இன்னொருவர்: சிங்களவர் இத்தனை, தமிழர் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை, 'வெள்ளைகள்' இத்தனை.

அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே யாருக்கும் நான் புள்ளி போடப் போவதில்லை. புள்ளி போட்ட தம்பிக்குத் தனியாக மெசேஜ் போட்டு, "பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "ஸ்கோர் பார்த்தேன் சேர்" என்றார்.

விடைத்தாளைத் திறக்காமல் புள்ளி போடுகிற ஆசிரியருக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கு அப்படி நடந்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு முதல் பஸ்ஸில் போய் நிற்பீர்கள்.

லாவோஸ் ஆட்டம் எதற்காக வைக்கப்பட்டது? ஐந்து நாள் கழித்து, 25 ஆம் திகதி, பாங்கொக்கில் தாய்லாந்துடன் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டி இருந்தது. அதற்கான முன்னோட்டம் இது. தேசிய அணிகளுக்கு வீரர்களைக் கழகங்கள் விட்டுக்கொடுக்கும் காலம் 17 ஆம் திகதி திங்கட்கிழமைதான் தொடங்கியது. லாவோஸ் ஆட்டம் வியாழக்கிழமை. கணக்குப் பாருங்கள். ஜெர்மனியில் ஆடுபவர் சனி, ஞாயிறில் தன் கழகத்துக்கு ஓடிவிட்டு, விமானம் மாறி மாறி வந்து, நேரம் ஆறு மணித்தியாலம் தள்ளிப்போன உடம்போடு இறங்குகிறார். அவுஸ்திரேலியாவில் இருந்து வருபவர் எதிர்த்திசையில். கொழும்பில் இருந்து போகிறவருக்கோ கடைசியாக எப்போது ஒழுங்கான போட்டி ஆடினோம் என்பதே யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். இவர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்யக் கிடைத்தது இரண்டோ மூன்றோ நாள். ஒரு பின்கள வரிசை 'ஏறு', 'இறங்கு' என்று ஒருவருக்கொருவர் எந்த மொழியில் கத்துவது என்று முடிவெடுக்கவே அவ்வளவு நாள் வேண்டும்.

முன்னோட்ட ஆட்டத்தில் பயிற்றுவிப்பாளர் ஆட்களை மாற்றிப் பார்ப்பார். இவரையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் நடுவில் இடைவெளி விழுகிறதா, இந்த ஆள் எழுபதாவது நிமிடம் தாங்குவாரா என்றெல்லாம் பார்ப்பார். அங்கே ஒரு பிழை வெளியே வந்தால் அது லாபம். மாதிரி வினாத்தாளில் பிள்ளை எந்தக் கணக்கில் பிழைவிடுகிறது என்று தெரிந்தால்தானே பரீட்சைக்கு முன்னர் திருத்தலாம்?

சரி, பரீட்சை எப்படிப் போனது? 25 ஆம் திகதி தாய்லாந்திடம் 1-0. தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் தரவரிசையில் நூறை ஒட்டி நிற்கும் தாய்லாந்து, தன் சொந்த மைதானத்தில், இருநூறாம் இடத்துப் பக்கம் கிடக்கும் நமக்கு ஒரேயொரு கோல்தான் போட்டது. நம்மை வென்ற லாவோஸ் அதே நாளில் வியட்நாமிடம் 5-0 என்று தோற்றது. நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து தாய்லாந்து ஆட்டத்தின் மிச்சத்தைப் பார்த்தேன். பூச்சியமும் இரண்டும் மூன்றும் போட்ட தம்பியின் சத்தம் அன்றைக்கு இல்லை. புள்ளியைத் திருத்தவும் இல்லை. மீள்பரிசீலனை நமக்கு மட்டுந்தான் போல.

இதற்காக அணி நல்ல அணி என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. குறை சொல்வதென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். 2023 ஓகஸ்டில் ஃபிஃபா தடை நீங்கிய பிறகு நாம் ஆடிய தகுதிகாண் போட்டிகளை எடுங்கள். யெமனிடம் 3-0 தோல்வி, பிறகு கொழும்பில் 1-1. கம்போடியாவுடன் 2024 செப்டம்பரில் அங்கே 0-0, இங்கே 2-2, பெனால்ட்டியில் 4-2 என்று வெற்றி. இப்போது தாய்லாந்து. ஐந்து ஆட்டத்தில் வாங்கியது ஏழு கோல். அதில் மூன்று முதல் ஆட்டத்திலேயே. அதற்குப் பிறகு நாலு ஆட்டத்தில் நாலு. பின்களமும் கோல் காப்பாளரும் இறுகி வருகிறார்கள் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நாம் போட்ட கோல்? ஐந்து ஆட்டத்திலும் சேர்த்து மூன்று. வியாதி முன்னால் இருக்கிறது. நம் தம்பி பூச்சியம் போட்டதோ கோல் காப்பாளருக்கு.

பந்தைப் பறித்த பிறகு அதை மூன்று பேர் கைமாற்றி முன்னால் கொண்டுபோக நமக்கு ஆள் போதாது. உதைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பவும் பாதுகாப்புக்கு ஓடுகிறோம். முன்னால் நிற்கிறவர் தனியே இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறார். அவருக்கு 2 புள்ளி போட்டால் பந்து கொடுக்காதவர்களுக்கு எத்தனை? நேபாளத்தை 2021 இல் முதன்முறையாக தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டி வரை கொண்டுபோன அல் முத்தைரிதான் லாவோஸ், தாய்லாந்து ஆட்டங்களில் நமக்கும் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இனி 'வெளிநாட்டுப் பொடியள்' கதை. ஜெர்மனியில் கிளாடியோ கம்மர்நெக்ட், அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ரோர் கழகத்துக்குப் பல வருடம் ஆடிய ஜாக் ஹிங்கர்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன். இப்படி அண்மையில் அணிக்கு வந்தவர்களைப் பார்த்து "இவங்கள் எங்கட ஆக்களோ" என்று சாவகச்சேரியில் இருந்துகொண்டு கேட்கிறோம். கேட்கிற வீட்டில் கூரைக்குப் போட்ட காசு பிரான்சில் இருந்து வந்தது. மகளின் கலியாணத்துக்கு கனடா. கோயில் தேருக்கும் பள்ளிவாசல் சுவருக்கும் லண்டன். காசு வரும்போது அவர்கள் எங்கட ஆக்கள். அவர்களின் பிள்ளை இலங்கை உடுப்பைப் போட்டு மைதானத்தில் இறங்கும்போது மட்டும் வெளிநாட்டானா?

பட்டியல் பிரித்தவர் என்மேல் அனுதாபமும் பட்டிருந்தார்: "சேர், உங்கட ஆக்கள் குறைவு." அண்ணை, 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக வசீம் ராசிக் இரண்டு கோல் போட்டார். பேர்லினில் பிறந்த பொடியன். 3-2 என்று தோற்றோம், ஆனாலும் அன்றைக்கு இரவு நான் துள்ளினேன். அந்த இரண்டும் எனக்கு மூன்றாகவும் உங்களுக்கு ஒன்றாகவும் எண்ணப்பட்டதா? மன்னாரில் இருந்து போய் தேசிய அணியின் பின்களத்தில் நின்ற டக்சன் பியூஸ்லஸை எடுங்கள். 2022 இல் மாலைதீவில் அவர் இறந்த பிறகு எல்லோரும் படம் போட்டோம். உயிரோடு ஆடியபோது அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அன்றைக்கும் பட்டியல் இருந்தது, அவர் பெயரும் அதில் இருந்தது. ஆட்டத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

நமக்கு ஆள் குறைவு என்றால் ஏன் குறைவு என்று கேளுங்கள். 2021 இல் பெரிய எடுப்பில் சுப்பர் லீக் தொடங்கினார்கள். பத்துக் கழகம். வடக்கு, கிழக்கில் இருந்து ஒன்றுகூட இல்லை. அப்போது இந்தப் புள்ளிக்காரர்கள் எங்கே போனார்கள்? நிர்வாகச் சண்டையில் 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை விழுந்து, அந்த வருட தெற்காசியக் கிண்ணத்துக்கே நம் அணி போக முடியாமல் போனதே, அதற்கு ஒரு பதிவாவது போட்டோமா?

கொழும்பை மட்டும் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. நாம் என்ன நடத்துகிறோம்? ஒரு கழகத்தின் ஆண்டு விழா, அணிக்கு ஏழு பேர், தோற்றால் வீடு. முப்பத்திரண்டு அணி வந்தால் பதினாறு அணி ஒரேயொரு ஆட்டத்தோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போகிறது. இறுதிப் போட்டிக்கு முன்னால் விருந்தினர் பேச்சு முக்கால் மணித்தியாலம், பொடியள் வெயிலில் வரிசையாக. பதினொரு பேராக, முழு மைதானத்தில், வாரா வாரம் ஆடாத பிள்ளைக்கு இடம் பிடித்து நிற்கவும், சகவீரன் ஓடும் இடத்தை ஊகித்துப் பந்து போடவும் யார் கற்றுக்கொடுப்பது? மகாஜனாவின் பெண் பிள்ளைகள் அகில இலங்கைச் சம்பியன் ஆனது அப்படி ஒரு நாள் திருவிழா ஆடி அல்ல. வருடக்கணக்காகக் காலையும் மாலையும் அந்த மைதானத்தில் நின்றார்கள்.

தென்மராட்சிக்குள் எட்டுக் கழகம் சேர்ந்தால் போதும். எல்லோரும் எல்லோருடனும் இரண்டு தடவை ஆடினால் ஒவ்வொரு பொடியனுக்கும் பதினாலு ஆட்டம். கிண்ணம் சின்னதாக இருக்கட்டும், பேச்சாளர் வேண்டாம். பெருநாள் முடிந்த பிறகு இதைப்பற்றி உட்கார்ந்து பேச விருப்பமுள்ள கழகக்காரர்கள் கீழே எழுதுங்கள். கோடு போடவும், நேரம் பார்க்கவும், புள்ளி அட்டவணை எழுதவும் நான் வருவேன்.

நம் அணிக்கு அடுத்த ஆட்டம் ஒரு நாள் வரும். புள்ளி போட்ட தம்பியையும், பட்டியல் போட்ட அண்ணையையும் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். தேத்தண்ணி என் செலவு. தொண்ணூறு நிமிடமும் இருந்து பார்க்க வேண்டும், பேப்பரும் பேனையும் நான் தருவேன்.