இருட்டில் கிளம்பிப் போன அப்பா



வெயில் ஏற ஏற ரப்பர் மரத்தில் பால் குறைந்துவிடும். அதனால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் கண் விழிக்கும்போது அப்பா வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரத்தில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். இந்த மாதம் என் அப்பாவின் நினைவு நாள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் மனதில் வருவது, எங்கள் காலைகளில் அவர் இல்லாததுதான்.

அப்பா பிறந்தது இலங்கையில், கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. அதில் அவரும் ஒரு தலை. எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் தடிக்காரன்கோணம் தாண்டி இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். கூட வந்த சொத்து கைத்தொழில் ஒன்றுதான். வனத்துறையின் கையில் இருந்த ரப்பர் தோட்டங்கள் 1984-இல் அரசு ரப்பர் கழகமானபோது, அவரும் கழகத் தொழிலாளி ஆனார்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து, முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, இடமிருந்து வலமாகச் சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே கனம். கத்தி தடியில் பட்டால் மரத்துக்குக் காயம். மறுபட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். வெட்டி முடித்துத் திரும்பி வந்து சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, வாளியில் சுமந்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு வரும்போது உச்சி வெயில். சட்டையில் தெறித்துக் காய்ந்த பாலை நானும் தங்கையும் போட்டி போட்டு உரித்து உருட்டிப் பந்து செய்வோம். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். அவர் எங்களோடு விளையாடியது அவ்வளவுதான்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. அப்பா வீட்டில் இருப்பார் என்று எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மா வானத்தைப் பார்த்து நிற்பாள்; அன்றைக்குக் கூலி கிடையாது. மாசியில் இலை உதிர்ந்து துளிர்க்கும் வரையும் அதே கதைதான். எங்கள் சந்தோஷத்துக்கும் அம்மாவின் கவலைக்கும் நடுவில் அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் காலைகள் கிடைத்தன. அத்தனையையும் பேரப்பிள்ளைகளுக்கே கொடுத்தார். பழக்கத்தில் மூன்று மணிக்கே எழுந்து, அவர்கள் விழிக்கும் வரை பாய் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பேத்திக்குத் தலை சீவி, இரட்டைச் சடை பின்னி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாகர்கோவில் பஸ் வரும் வரை கூடவே நிற்பார். ஒரு நாள் தங்கை கேட்டுவிட்டாள்: “எங்களுக்கு ஒரு நாளாவது இப்படிச் சீவி விட்டிருக்கீங்களாப்பா?”

“உங்களுக்குச் சீவ வெளிச்சம் எங்க இருந்துச்சு, புள்ள?” என்றார். சீப்பை நிறுத்தவில்லை.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் ஏராளமாக முறிந்து விழுந்தன. ஓய்ந்ததும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தன் பழைய வெட்டுக்காட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில், தான் வெட்டிய இடத்தில் வளர்ந்திருந்த மறுபட்டையை விரலால் தடவி, “இங்க தொட்டுப் பாரு மக்களே, முண்டு ஏதாச்சும் தட்டுப்படுதா?” என்றார். அவள் தொட்டுப் பார்த்து இல்லை என்றாள். அவர் முகத்தில் வந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஊர், குடியுரிமை, லயம் எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த ஒரு வாழ்க்கையில், அந்த வழவழப்பு அவர் தீர்மானித்தது.

அப்பாவைப் போன்றவர்களின் வாழ்க்கை ஒப்பந்தங்களில் எண்ணாகவும் கழகப் பதிவேட்டில் பெயராகவும் மட்டுமே இருக்கிறது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கத்து வாசகர்கள் உங்கள் அப்பா, தாத்தாவைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். கப்பலில் வந்தவர்களானாலும் சரி, இங்கேயே பிறந்தவர்களானாலும் சரி. எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எந்தக் கூப்பில் வெட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாதென்றால் பக்கத்து லயத்துப் பாட்டியைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்