நாள்தோறும் ஒரு பிரதி

ஒரு சர்க்காரின் ஞாபகசக்தி அதன் கணக்குகளில் இருக்கிறது. முன்பு அக்கணக்குகள் தாலூகா கச்சேரி அலமாரிகளில் இருந்தன. இப்பொழுதோ அவை சர்வர்களுக்குள் புகுந்துவிட்டன. நிலக்கோட்டையிலும் வேடசந்தூரிலும் இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடியானவரும் தம் பட்டாவின் நகலுக்குக் கம்ப்யூட்டரையே நாடவேண்டியிருக்கிறது. இது முன்னேற்றந்தான், இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் அனைத்தையும் மறந்துவிட்டால் நம் கதி என்ன என்ற கேள்வியைக் கேளாமலிருப்பது பொறுப்புள்ள பிரஜைகளுக்கு அழகன்று.

இது வீண் பயமென்று எண்ணுவோர் இலங்கையைப் பார்க்கட்டும். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அந்நாட்டுச் சர்க்காரின் பொதுச் சர்வர் அமைப்பை ‘ரான்சம்வேர்’ தாக்கிற்று. நம் ஊர் பாஷையில் சொன்னால், பிறர் வீட்டுப் பெட்டிக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் கொள்ளை இது. மந்திரிசபைக் காரியாலயம் உட்பட சுமார் 5,000 சர்க்கார் மின்னஞ்சல் முகவரிகள் இதற்கு இரையாயின. அமைப்பு விரைவிலேயே மீண்டும் நடக்கத் தொடங்கியது. ஆயினும் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரை வந்த கடிதங்கள் போனவை போனவைதான்.

காரணம் என்ன? இணைப்பிலேயே வைக்கப்பட்டிருந்த காப்புப் பிரதியும் அசலோடு சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. இணைப்புக்கு வெளியே அந்நாட்களின் பிரதி வேறு இல்லை. மற்றொரு குறையும் உண்டு. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013-ம் வருஷத்து மென்பொருள். அதைச் செய்த கம்பெனியே 2023 ஏப்ரலோடு அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் வேலையோ பணமில்லையென்றும் தீர்மானமாகவில்லையென்றும் தள்ளிப் போடப்பட்டிருந்தது. சம்பவத்திற்குப் பிறகு, இனி நாள்தோறும் இணைப்புக்கு வெளியே பிரதி எடுப்போமென்று அதிகாரிகள் அறிவித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

கஷ்டத்திலிருக்கும் நாட்டில் அப்படி நேர்ந்தது சகஜமென்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. செல்வமும் யந்திர ஞானமும் மிகுந்த தென் கொரியாவில், 2025 செப்டம்பர் 26-ந் தேதி, தேஜான் நகரத்துச் சர்க்கார் சர்வர் நிலையத்தில் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. உத்தியோகஸ்தர்கள் தஸ்தாவேஜுகளைச் சேர்த்துவைத்த 858 டெராபைட் களஞ்சியம் சாம்பலாயிற்று. அதற்கு வெளியூரில் பிரதி இல்லை. பராமரிப்பு வேலையே ஆபத்துக்கு வாசலாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டு உதாரணம் சற்று ஆறுதலளிக்கிறது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் இதே விதமாகப் பூட்டப்பட்டன. சுமார் இரண்டு வாரம் நோயாளிகளின் காரியங்கள் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. ஆயினும் தாக்கப்படாத ஒரு காப்புச் சர்வர் இருந்தபடியால் நோயாளிகளின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன. பிரதி இருந்த இடத்தில் கஷ்டம் மட்டும். இல்லாத இடத்தில் தீராத நஷ்டம்.

இந்தத் தத்துவம் சட்டத்திற்குப் புதிதன்று. 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தின் நகல் பதிவாளரின் புஸ்தகத்தில் ஏறுகிறது. வீடு எரிந்து அசல் போனாலும் உரிமை போவதில்லை. அத்தாட்சி நகல் கிடைக்கும். கம்பெனிகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. மின்னணுக் கணக்குகளின் பிரதியை ‘அவ்வப்போது’ எடுத்தால் போதுமென்றிருந்த விதியை 2022 ஆகஸ்டில் திருத்தி, ‘நாள்தோறும்’ இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்கவேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டளையிட்டது. ‘அவ்வப்போது’ என்றால் ஒருபோதும் இல்லையென்பதே நடைமுறை அர்த்தமாகிவிடும். கம்பெனிக்கு விதித்த அந்த ஒழுங்கு ஏழையின் பட்டாவைக் காக்கும் ஒவ்வொரு காரியாலயத்திலும் நடக்கவேண்டாமா?

செய்யவேண்டியது கடினமன்று. பிரதி எடுப்பதை ஒருவருடைய ஞாபகத்திற்கு விடக்கூடாது. கச்சேரி வேலை ஓய்ந்த பின்னிரவில் யந்திரமே தானாகச் செய்யும்படி வேளை குறித்துவிட வேண்டும். அன்றன்றைய மாறுதல்களை இரவுதோறும், முழுக் கணக்கையும் வாரந்தோறும் எடுக்கலாம். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்பது இத்தொழிலில் பழகிய கணக்கு. அவற்றுள் ஒன்றேனும் இணைப்பற்றிருக்க வேண்டும். பராமரிப்புக்கும் தனி வேளை குறித்து, ஜனங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, அதைத் தொடங்குமுன் புதிதாக ஒரு பிரதி எடுக்கவேண்டும். இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் மோதலாகாது. காலையில், இதற்கென்றே நியமிக்கப்பட்ட ஓர் உத்தியோகஸ்தர் இரவு வேலை முடிந்ததா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: எடுத்த பிரதியை மாதம் ஒருமுறையாவது வேறு சர்வரில் ஏற்றிப் பார்க்கவேண்டும். போட்டுத் திறந்து பாராத மாற்றுச் சாவி சாவியாகாது என்பதைத் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி எவரும் சொல்வார். மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறவரைப் பார்த்து அவர் சிரிக்கவும் சிரிப்பார்.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது. தாலூகா கச்சேரியிலும், மாநகராட்சியிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடைசிப் பிரதி எடுத்தது என்று? அது இருப்பது எந்த ஊரில்? அதைத் திருப்பி ஏற்றிப் பார்த்தது எப்பொழுது? பொறுப்பாளி யார்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ம் வருஷமே நமக்குக் கிடைத்துவிட்டது. ரகசிய விவரம் எதையும் நாம் கேட்கவில்லை. தேதியையும் பொறுப்பையுமே கேட்கிறோம். கேட்பவர் உண்டென்று தெரிந்தால்தான் இரவு வேலை இரவுதோறும் தவறாமல் நடக்கும்.