சட்டம் இயற்றியவரே செலவையும் ஏற்க வேண்டும்

அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் ஜூன் மாதம் மூடப்படும் பள்ளிகள் பெரும்பாலும் செப்டம்பரில்தான் மீண்டும் திறக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு ஊதியம் இல்லை. மதிய உணவு சமைப்பவருக்கும் இல்லை. மாற்றுத்திறன் குழந்தைக்கு உணவூட்டி, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, வகுப்பில் பக்கத்தில் அமர்ந்து எழுதப் பழக்கும் உதவியாளருக்கும் இல்லை. இவர்கள் எல்லோரும் மணிக்கணக்கில் கூலி பெறுபவர்கள்.

கல்வியாண்டின் முடிவில் இவர்களுக்குப் பள்ளி நிர்வாகம் ஓர் உறுதி தருகிறது: பள்ளி திறந்ததும் உங்களுக்கு வேலை உண்டு. அந்த உறுதியைக் காரணம் காட்டித்தான் கோடைக்கால வேலையின்மை உதவித்தொகை நெடுங்காலம் இவர்களுக்கு மறுக்கப்பட்டு வந்தது. குளிர்காலத்தில் பனி உறைந்து பணி நின்றுபோகும் கட்டுமானத் தொழிலாளிக்கோ அதே மாகாணம் அதே உதவித்தொகையை வழங்கிவந்தது. பனி விலகியதும் அவரும் பழைய வேலைக்கே திரும்புகிறார். ஒருவருக்குத் தகுதியாகவும் மற்றவருக்குத் தகுதியின்மையாகவும் ஒரே நிலைமை கொள்ளப்பட்டதில் எந்த நியாயமும் இல்லை.

இந்த அநீதியை 2023இல் மினசோட்டா சட்டமன்றம் நீக்கியது. ஆசிரியர் அல்லாத பள்ளிப் பணியாளர்களுக்கு விடுமுறைக்கால உதவித்தொகை வழங்குவதா, மறுப்பதா என்பதை மாகாணங்களின் விருப்பத்துக்கே கூட்டாட்சிச் சட்டம் விட்டிருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி இயற்றப்பட்ட சட்டத்தில், முன்னாள் பள்ளி ஆசிரியரான ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டார். அவ்வாண்டு கோடையிலேயே அது நடைமுறைக்கு வந்தது. இது சரியான முடிவு. அதை நாம் தயக்கமின்றி வரவேற்கிறோம்.

ஆனால், அதற்கான நிதியை ஏற்பாடு செய்த முறை சரியல்ல. அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்கென வரி செலுத்துகின்றன. பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. தம் பணியாளர் பெறும் உதவித்தொகையைப் பின்னர் டாலருக்கு டாலர் திருப்பிச் செலுத்துகின்றன. அந்தப் பணம் ஆசிரியர் சம்பளமும் பேருந்து எரிபொருளும் வகுப்பறைச் செலவும் வரும் அதே பொது நிதியிலிருந்து எடுக்கப்படுகிறது. இதை உணர்ந்துதான் பள்ளிகளுக்கு ஈடுசெய்ய 13.5 கோடி டாலரை மாகாணம் ஒதுக்கியது. ஆனால் அது ஒருமுறை ஒதுக்கீடு. உரிமையோ ஆண்டுதோறும் தொடர்வது.

அன்று மாகாணத்தின் உபரி ஏறத்தாழ 1,750 கோடி டாலர். கருவூலம் நிரம்பியிருந்தபோது எளிதாகத் தோன்றிய கடமை, பற்றாக்குறை பற்றிய முன்கணிப்பு வந்ததும் சுமையாகத் தெரியத் தொடங்கியது. 2025இல் இரு கட்சிகளும் தலா 67 இடங்களுடன் சமநிலையில் இருந்த பிரதிநிதிகள் அவையில், சட்டத்தையே விலக்கிக்கொள்ள வேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் வலியுறுத்தினர். முடிவில் மறுபடியும் ஒருமுறை நிதியே கிடைத்தது. இப்படிக் காலந்தள்ளுவதை ஆட்சி நிர்வாகம் என்று ஏற்க முடியாது. அடுத்த கோடையின் கணக்கை யார் தீர்ப்பார்கள் என்று தெரியாத பள்ளி நிர்வாகம், இன்று எத்தனை பேரை வேலைக்கு அமர்த்துவது என்று எப்படித் தீர்மானிக்கும்?

பள்ளி நிர்வாகங்களின் முறையீட்டில் உண்மை இருக்கிறது. கட்டளை மேலிருந்தும் பணம் கீழிருந்தும் வருவது நேர்மையான ஏற்பாடல்ல. எனினும், அந்த முறையீட்டைச் சட்டத்தை ஒழிப்பதற்கான வாதமாக்குவது பெருந்தவறு. கோடையில் வேலை இருக்காது என்பது பணியில் சேரும்போதே தெரிந்ததுதானே என்கிறார்கள் சட்டத்தை எதிர்ப்போர். தெரிந்திருப்பதால் வீட்டு வாடகை நின்றுவிடுவதில்லை. கூலியைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சிறிய தொகையைப் பிரித்துக் கொடுப்பதால் அது பெரிதாகிவிடாது. வேலையின்மை உதவித்தொகையே வழக்கமான வாரக் கூலியில் ஏறத்தாழ பாதிதான். அதையும் பறித்தால், பணியாளர் வேறு வேலை தேடிப் போவார். செப்டம்பரில் பேருந்தை ஓட்டவும் மாற்றுத்திறன் குழந்தையின் அருகில் அமரவும் ஆளிருக்காது. அந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் பதிவாவதில்லை. மாணவர்கள்தான் அதைச் சுமப்பார்கள்.

இத்தகைய செலவை அரசே ஏற்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. கொரோனா காலத்தில் 2020இல், இப்படித் திருப்பிச் செலுத்தும் அமைப்புகளின் வேலையின்மைச் செலவில் பாதியைக் கூட்டாட்சி அரசு ஏற்றது. பின்னர் அந்தப் பங்கு 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பள்ளிகளால் தனியே தாங்க இயலாத செலவு இது என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. நெருக்கடிக்கு ஒப்புக்கொண்டதை வழக்கமான ஆண்டுகளுக்கு மறுக்கக் காரணம் இல்லை.

ஆகவே மினசோட்டா சட்டமன்றம் செய்ய வேண்டியது தெளிவானது. ஒருமுறை ஒதுக்கீடுகளைக் கைவிட்டு, பள்ளிகள் உண்மையில் செலுத்திய தொகை முழுவதையும் ஆண்டுதோறும் ஈடுசெய்யும் நிலையான நிதியை வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சட்டத்தை ஆதரித்து வாக்களித்துவிட்டு அதன் செலவைப் பள்ளிகளின் தலையில் கட்டுவோரும், செலவைக் காட்டி உரிமையைப் பறிக்க முயல்வோரும் ஒரே பொறுப்பைத்தான் தட்டிக்கழிக்கிறார்கள். உழைப்பவரின் உரிமைக்கும் குழந்தையின் வகுப்பறைக்கும் இடையே போட்டியை உருவாக்கும் அரசு, இரண்டு தரப்புக்கும் துரோகம் செய்கிறது.