குற்றவாளிக் கூண்டில் எமது மாணாக்கர்

உயர்தர வகுப்பில் பயிலும் எமது பிள்ளைகள் மீது இன்று தமிழ்ப் பகுதிகள் எங்கணும் ஒரு குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டு வருகின்றது. அவர்களுக்குப் படிப்பில் ஊக்கமில்லை. கைத்தொலைபேசியில் மூழ்கிக் கிடக்கின்றனர். தாய் தந்தையர் படும் பாட்டை உணராத சோம்பேறிகள் என்பதே அக்குற்றச்சாட்டு. கோவில் வீதியிலும், சங்கக் கடை வாசலிலும், கலியாண வீட்டுப் பந்தரிலும் இதனைக் கேட்கின்றோம். வழக்குத் தொடுப்போரும் பெரியோரே. சாட்சி கூறுவோரும் பெரியோரே. தீர்ப்பு வழங்குவோரும் பெரியோரே. எதிரியின் வாக்குமூலம் மட்டும் எங்கும் பதிவாகவில்லை. ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கிலேகூட எதிரியைக் கேளாது தீர்ப்பளித்தால் மேன்முறையீட்டில் அது நில்லாது. பிள்ளைகள் விடயத்தில் அந்த நீதியும் எமக்கு மறந்துபோயிற்று.

ஆதலால் எதிரி தரப்பில் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம்.

கணிதப் பிரிவிலோ உயிரியற் பிரிவிலோ பயிலும் ஒரு மாணாக்கனின் நாள் எவ்வாறு கழிகின்றதென்று பாருங்கள். விடியுமுன் ஒரு ரியூசன் வகுப்பு. ஏழரை மணிக்குப் பாடசாலை. ஒன்றரை மணிக்கு அது விட்டதும் மீண்டும் ரியூசன். இரவு வீடு திரும்பிய பின்னர், பகலெல்லாம் எழுதிய குறிப்புக்களைப் படித்தல். சனி ஞாயிறு என்றால் காலை முதல் மாலைவரை கொட்டகையில் வாங்கிலேயே வாசம். இரசாயனத்தின் ஒரே அலகைப் பாடசாலையில் ஒருவரிடமும் வெளியே வேறிருவரிடமும் கேட்கின்றான். கேட்டதைத் தானே இருந்து சிந்திப்பதற்கு மாத்திரம் அவனுக்கு நேரமில்லை. வெங்காயம் செய்யும் எமது கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாளும் பொழுதும் இறைத்தால் குமிழ் பெருக்காது, அழுகும் என்பதை அவர்கள் நன்கறிவர். பதினெட்டு வயது வரையுள்ள பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர்களின் துணிபு. பகலிற் படித்தது மனத்தில் நிலைப்பதும் உறக்கத்திலேயே நிகழ்கின்றது. ஐந்து மணி நேரம் உறங்கியவன் வகுப்பிலே தூங்கி வழிந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டுவது நியாயமா?

கைத்தொலைபேசியில் குற்றமே இல்லை என்று வாதாட நாம் வரவில்லை. ஆயின் காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறிதல் வேண்டும். தோற்றுவிடுவோமென்று அஞ்சுபவன் புத்தகத்தைத் திறப்பதற்கே அஞ்சுவான். திறவாத புத்தகம் நாளுக்கு நாள் மலையாகத் தோன்றும். அந்த அச்சத்தை ஒரு மணி நேரமேனும் மறக்கவே அவன் தொலைபேசியை எடுக்கின்றான். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது ஊக்கமின்மையாகத் தெரிகின்றது. உள்ளே இருப்பதோ பயம்.

அப்பயத்திற்கு ஆதாரமில்லை என்றும் கூற முடியாது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றோர் 166,000 பேருக்கு மேல். அரச பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்வோரோ நாற்பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. அதாவது சித்தியடைந்தவருள்ளும் நால்வரில் ஏறத்தாழ மூவர் வாயிலில் நிறுத்தப்படுகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலுள்ள இசட் புள்ளி முறையோ, மாணாக்கன் எவ்வளவு கற்றான் என்று கேளாது, அப்பாடத்தில் தோற்றிய ஏனையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் நிற்கின்றான் என்று அளக்கின்றது. தான் முன்னேறினாலும் மற்றவர் அதனினும் முன்னேறினால் அவன் பின்தங்கியவனே. இத்தகைய ஓட்டத்தில் களைப்படையாத பிள்ளை இருந்தால் அன்றோ நாம் வியக்க வேண்டும்!

இந்த ஒற்றை ஏணியில் எமது சமூகம் இத்துணை வெறியோடு தொங்குவதற்கு வரலாறு உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் கதவைச் சாத்தியது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து மருத்துவ, பொறியியற் பீடங்களின் கதவையும் ஒடுக்கியது. அநீதியை எதிர்த்தோம், எதிர்த்தது சரியே. ஆயின் புண்பட்ட ஒரு சமூகம் தன் மானம் முழுவதையும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளில் ஏற்றி வைப்பது வேறு விடயம். அரசியலில் நாம் வென்றெடுக்க வேண்டியதை மூன்று பாடங்களில் பிள்ளை வென்று தரவேண்டுமென்று எதிர்பார்ப்பது தலைவர்களாகிய எமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் அழகன்று.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்திருக்கின்றது. முன்னர் ஆகஸ்டில் நடந்துவந்த பரீட்சை, கொள்ளை நோய்க்குப் பின்னர் நிலைகுலைந்தது. 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபரில் தொடங்கியது. 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ருவரியிலும், 2022க்குரியது 2023 சனவரியிலும், 2023க்குரியது 2024 சனவரியிலுமே தொடங்கின. 2024 நவம்பரில் தொடங்கியதோ புயல் வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரும் 2012 யூனில், புதிய பாடத்திட்டத்தாரையும் பழைய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த இசட் புள்ளிக் கணிப்பை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. தீர்ப்பு நியாயமானதே. எனினும் ஏற்கனவே பெறுபேறு பெற்ற ஆயிரக்கணக்கானோர் மீண்டும் காத்திருக்க நேர்ந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்வோர் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைக் குறித்த பின்னரே விதைப்பர். நாளை நான்கு முறை மாற்றினால் எந்தக் கமக்காரன் விதை நெல்லை வெளியே எடுப்பான்? மாணாக்கன் மட்டும் நாள் தெரியாமலே ஆண்டு முழுவதும் ஊக்கத்தோடு இருக்க வேண்டுமாம்!

சில காலத்துக்கு முன்னர் ஒரு தந்தையார் காணி ஈடு வைப்பதற்கு உறுதி எழுதவேண்டுமென்று எம்மிடம் வந்தார். மகன் இருமுறை பரீட்சை எழுதி மருத்துவத்துக்குப் புள்ளி போதாது நின்றவன். மூன்றாம் முறைக்கு நகரில் அறை எடுத்துப் படிப்பிக்கப் பணம் வேண்டியிருந்தது. காணியோ மூத்த பெண்ணுக்குச் சீதனமாக வைத்திருந்த தோட்டக் காணி. மகனும் பக்கத்தில் இருந்தான். "தம்பி, மூன்றாம் முறையும் எழுத உமக்கு விருப்பமோ?" என்று கேட்டோம். "அவன் எழுதுவான் ஐயா, கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான்" என்றார் தந்தையார். வேறு துறை ஏதும் நினைத்ததுண்டோ என்று கேட்டோம். அதற்கும் தந்தையாரே விடையளித்தார். உறுதியை அன்று எழுத மறுத்து, மகன் தன் வாயால் விடை கூறும் நாளில் வருமாறு சொல்லி அனுப்பினோம். தமக்கையின் காணியைத் தோளில் சுமந்துகொண்டு தாவரவியல் படிப்பது எவ்வளவு பாரம் என்பதை அந்தப் பிள்ளையின் குனிந்த தலை எமக்குச் சொல்லிற்று. தந்தையாரைக் கொடியவர் என்று நாம் கருதவில்லை. தம்மிடமுள்ள ஒரே சொத்தைப் பிள்ளைக்காக இழக்கத் துணிந்தவர் அவர். ஆனால் அந்தத் தியாகத்தைப் பிள்ளை கேட்கவுமில்லை. மறுக்கும் உரிமையும் அவனுக்கு அளிக்கப்படவில்லை.

மூன்று முறை தோற்றலாமென்பது விதி தரும் உரிமை, கட்டளையன்று. அந்த உரிமையைப் பயன்படுத்துவதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிரிவைத் தெரிவதிலும் அவ்வாறே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேயே உண்டு. தேசிய தொழில் தகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. மோட்டார் இயந்திரம் பழுதுபார்க்கக் கற்றவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிக்கொண்டே, பிள்ளைகள் ஏன் வேறு வழி நாடவில்லை என்று கேட்பது போலி வாதம்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியன. இரவு பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஒரே பாடத்துக்கு இரு ரியூசன் என்றால் ஒன்றை நிறுத்துங்கள். மலைத்து நிற்கும் பிள்ளையிடம் அலகு முழுவதையும் முடிக்கச் சொல்லாது, கடந்த கால வினாத்தாளில் ஒரேயொரு வினாவை அரை மணி நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊக்கம் வந்த பின்னர்தான் வேலை தொடங்கவேண்டுமென்பதில்லை. சிறிது வேலை முடிந்தால் ஊக்கம் பின்னே வரும். அயல் வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சாப்பாட்டு வேளையில் எடுக்காதீர்கள். உண்ணாமல், உறங்காமல், எவருடனும் பேசாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரு பிள்ளையின் வாயில் வந்தால் அதனை நடிப்பென்று தள்ளாது, உடனே ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகின்றது. மானம் போய்விடுமென்று தாமதித்து, பின்னர் பிள்ளையையே இழந்த வீடுகள் எமது மண்ணில் உண்டு.

பொது வேலையும் சிறிது உண்டு. பரீட்சை நாளையும் பெறுபேறு வெளியாகும் நாளையும் ஓராண்டுக்கு முன்னரே அறிவித்து, இயற்கை இடர் தவிர வேறெக் காரணத்துக்காகவும் மாற்றாதிருக்குமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரியூசன் நிலையங்களை மூடுவதென்ற பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குகின்றது. உயர்தர வகுப்பையும் சேர்த்து அதனை நடைமுறைப்படுத்துமாறு உள்ளூராட்சி மன்றங்களை நெருக்க வேண்டும். பல பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பெயருக்கு அப்பதவியை வகித்துக்கொண்டு நாள் முழுவதும் வேறு பாடம் எடுக்கின்றார். வளைவும் மண்டபமும் கட்டுவதற்கு வெளிநாடுகளில் பணம் திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள், அவரது பாடங்களை ஏற்க ஒரு தொண்டர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால், வாரம் ஐந்து நாளும் அவரது அறைக் கதவு பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு அங்கத்தவர்கள் இன்றே செயலாளருக்கு எழுதலாம்.