பாளை சீவும் கை

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மாமா மகன் இந்த வாரம் வில்லியனூர் வீட்டில் ஒரு பாட்டில் திறந்தார். நுரை பொங்கும் ஒயின். சின்னக் குடும்பத் தோட்டம், வயதான கொடிகள், பயோடைனமிக் சாகுபடி என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். 1924-இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் ஆற்றிய உரைகளில் பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு தண்ணீரில் கரைத்து நிலத்தில் தெளிப்பார்கள். ஒயின் அருமையாக இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான். "நம்ம பாகூர்ப் பனங்கள்ளும் இப்படித்தானே பொங்கும்" என்றேன். "ஐயோ மச்சான், அதை இதோட சேர்க்காதீங்க" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

ஏன் சேர்க்கக் கூடாது? ஷாம்பெயினில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து, பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க விட்டு நுரையை வரவழைக்கிறார்கள். கள்ளுக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. கலயத்தில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே போதும். விடியலில் இறக்கியது இனிக்கும், வெயில் ஏற ஏற நுரைக்கும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீர். வரப்பில் நிற்கும் பனைக்கு உரமும் கிடையாது, பாசனமும் கிடையாது.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. வெளிநாட்டு மது நமக்குப் புதிதல்ல. அதற்காகச் சங்கப் புலவர்கள் உள்ளூர்க் கள்ளைத் தள்ளிவைக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள்ளைப் பகிர்ந்து கொடுத்த நினைவில்தான் தொடங்குகிறது.

மறுநாள் காலை பாகூர் ஏரிக்கரைப் பக்கம் போனேன். மரத்திலிருந்து இறங்கிய பெரியவர் இடுப்புப் பெட்டியிலிருந்து அரிவாளை எடுத்துக் காட்டினார். சவரக் கத்தியைப் போல அவ்வளவு கூர். ஆண்பனைப் பாளைக்கு ஓர் இடுக்கி, பெண்பனைப் பாளைக்கு வேறோர் இடுக்கி. பல நாள் பாளையை நசுக்கிப் பதப்படுத்திய பிறகுதான் சாறு சொட்டத் தொடங்கும். பிறகு காலையும் மாலையும் ஏறி நுனியைச் சீவ வேண்டும். "தடிமனா சீவினா பாளை சீக்கிரம் தீர்ந்துடும் சார். வெத்தலை கனம்தான் எடுக்கணும்" என்றார். அந்தக் கனத்தை அவர் கண்ணால் அளப்பதில்லை, விரல் அறிகிறது. அந்த விரலுக்கு வாரிசு இல்லை. மகன் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறான்.

அவர் மரத்தில் தொங்கியது பிளாஸ்டிக் குடம். மண்கலயத்தைப் பற்றி நான் புலம்பாத மாதமில்லை; இன்னொரு முறையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்கலயம் வேர்க்கும், உள்ளிருப்பது குளிரும், வெயிலில் கள் அவசரமாகப் புளிக்காது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த மண்ணில் குதிரையும் பொம்மையும் செய்து நகரத்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். பக்கத்து ஊர்ப் பனைக்கு ஒரு கலயம் போகவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே புதுச்சேரியில் அனுமதி உண்டு, கடைகள் ஏலம் போகின்றன. இந்தத் தொழில் சட்டப்படி உயிரோடிருக்கக்கூடிய இடம் நம்முடையது. ஆனால் ஏலத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஏறுகிறவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. பிரான்சில் ஒயின் செய்த குடும்பத்தின் பெயர் பாட்டிலின் மேல் இருக்கிறது. இங்கே குடிப்பவருக்கு ஏறியவர் யாரென்றே தெரியாது.

பனையேறிகளுக்கு நேரடி உரிமம் தருவதைக் கலால் துறை யோசிக்க வேண்டும். பாகூர், வில்லியனூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மனை பிரிக்கும்போது வரப்புப் பனையை வெட்டாதீர்கள். இன்று கொட்டை ஊன்றினால் அது பாளை விடப் பதினைந்து, இருபது வருடம் ஆகும்.