கோரையைப் பிடுங்குகிறவர்களுக்கு

மீன் என்றதும் நம் இலக்கிய நண்பர்களுக்குக் கண்தான் நினைவுக்கு வருகிறது. கயலை விட்டால் அவர்களிடம் வேறு மீன் இல்லை. சங்கப் பாடல்களில் அளபெடையோடு ‘வராஅல்’ என வருவதும், இன்று சந்தையில் உயிரோடு துள்ளும் விராலும் ஒன்றே என்று சொன்னால் வியக்கிறார்கள். போகட்டும். ஆனால் இதே நண்பர்கள்தாம் ‘ஏரியைச் சுத்தம் செய்’ என்று கையெழுத்து வாங்க வருகிறார்கள். அங்கேதான் எங்களுக்கு வழக்கு இருக்கிறது.

அவர்கள் கேட்கும் சுத்தம் எது? கோரையும் அல்லியும் களைந்து, நடுவை வெட்டி ஆழமாக்கி, கரைக்குக் கல் பதித்து, மேலே நடைபாதை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில் நின்று பொரி தூவிப் பழகியவர்களுக்கு மீனின் வீடு அப்படித்தான் தோன்றும்.

விராலின் வீடு முழங்கால் ஆழத்தில் இருக்கிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். சித்திரை வெயிலில் அது இலைநிழலில் கிடந்து, சத்தமின்றி வாயை உயர்த்தும். தூண்டில்காரன் அந்தச் சிறு குமிழியைத்தான் தேடுகிறான். நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். ஐப்பசியில் புதுவெள்ளம் கரைப் புல்லை மூழ்கடிக்கும்போது விரால் ஓரத்துக்கு ஏறுகிறது. செடிகளுக்கிடையே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும், முட்டைகள் மிதக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழுவது உலைநீர் கொதிப்பது போலிருக்கும். அடியில் பெற்றமீன் காவல் நிற்கும். செங்குத்தான கல்கரையில் இவற்றில் எது நடக்கும்?

எங்கள் தூண்டில் நண்பர்களையும் விடுவதற்கில்லை. அமெரிக்க லார்ஜ்மவுத் பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை இப்போது இங்கும் கிடைக்கிறது. கொக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. விராலுக்கு மிகப் பொருத்தம். அதைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே வீசுகிறார்கள். காவல் மீன் பசியால் அதைக் கவ்வுவதில்லை, கோபத்தால் கவ்வுகிறது. அதை வீரமாகப் படம் எடுத்துக்கொள்வது எங்களுக்கு அருவருப்பாயிருக்கிறது. அந்தப் பாஸும் ஆழமற்ற ஓரத்தில் கூடு கட்டிக் காவல் நிற்கும் மீன்தான். நம்மவர் நிறைந்த கனடாவின் ஒன்ராறியோவில், தென்பகுதியின் பெரும்பாலான நீர்நிலைகளில் ஜூன் பிற்பகுதிவரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அனுமதியில்லை. நாமோ கடலின் 61 நாள் தடைக்காலத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறோம். ஏரிக்கரையின் கார்த்திகையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

‘அப்படியானால் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் இருக்கட்டுமா?’ என்பார்கள். வேண்டாம். ஆகாயத்தாமரையை அள்ளுங்கள், சாக்கடையை அடையுங்கள். கோரை அந்தக் கணக்கில் சேராது. அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். அங்கே கரைச்செடிகளை மெனக்கெட்டு நட்டார்கள். உப்பேறிய அந்நீர் விராலுக்கு உரியதன்று, கொடுவாவுக்கு உரியது. ஆயினும் ஓரம் என்பது குப்பையல்ல என்று தெரிந்தவர்கள் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள்.

தியாகராய நகரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாம்பலத்தின் நெடிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் அந்நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. தூர்த்தவர்களாவது வீடு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்றைய அழகுபடுத்துவோர் ஏரியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் ஓரத்தைக் கொல்கிறார்கள்.

அடுத்தமுறை கையெழுத்துத் தாளோடு வாருங்கள், வரவேற்கிறோம். வரைபடத்தையும் கொண்டு வாருங்கள். கரை எவ்வளவு சரிவாக இறங்குகிறது, கோரைக்கு எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறோம்.